கடைசி இருப்பு

செப்டம்பர் 2

அண்ணா,

இது ஐந்தாவது தாள். முதல் நான்கையும் கிழித்துவிட்டேன். ஒன்றில் கோபம் அதிகம், ஒன்றில் அழுகை அதிகம், மற்ற இரண்டிலும் சேதியே இல்லை.

நீங்கள் இருவரும் மலைமேல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது அண்ணி போட்ட அட்டையைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். "உங்க அண்ணனுக்கு இங்க ஜெனரேட்டர் பாத்துக்கிற வேலை. போன் சிக்னல் கிடையாது. கடுதாசி போடு, புதன்கிழமை ஜீப்புல ஏறி வரும். நீ எழுதினா அவரு படிப்பாரு, படிக்காத மாதிரி நடிப்பாரு." அந்த நடிப்பை நம்பித்தான் எழுதுகிறேன்.

அன்று நீ என்னை முடிக்க விடவில்லை. இப்போது முடிக்கிறேன்.

கணினித் திரையில் விமானம் ஓட்டும் நம் குழுவில் பத்தொன்பது பேர், பத்தொன்பது வீடு, பத்தொன்பது கணினி. விமானம் பொம்மை, பயணிகள் பொம்மை, கம்பெனியும் பொம்மை. அதில் நிஜமாக இருந்தது கால அட்டவணையும் எரிபொருள் தாளும்தான். பயணத்துக்கு இவ்வளவு. எதிர்பாராததற்கு அதில் ஐந்து சதம். போன இடத்தில் இறங்க முடியாவிட்டால் மாற்று நிலையத்துக்குப் போக இவ்வளவு. எல்லாவற்றுக்கும் அடியில் கடைசி இருப்பு, அரைமணி நேரம் வானத்தில் நிற்பதற்கு. அதைத் தொட வேண்டிவந்தால் ஆபத்து என்று அறிவிக்க வேண்டும். தாளை நான் எழுதுவேன், நீ பறப்பாய், இருவரும் கையெழுத்துப் போடுவோம். அந்தக் கையெழுத்து எனக்குப் பிடித்திருந்தது. பஸ் கம்பெனி நேர அட்டவணைப் பிரிவில் என் கையெழுத்தை யாரும் கேட்பதில்லை.

உன் நாற்பத்தொரு பறப்பிலும் இறங்கும்போது தாளில் இருந்த அளவே மிஞ்சியிருந்தது. நூறு கிலோ கூட இல்லை, நூறு கிலோ குறைவும் இல்லை. காற்று யாருக்கும் அப்படிக் கணக்குப் பார்த்து வீசாது. நடுவானில் மெனுவைத் திறந்து எரிபொருள் ஏற்றியிருக்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. உன்னிடம் தனியாகக் கேட்டிருக்க வேண்டும். ஆபீசில் ஜன்னலைச் சாத்தச் சொல்லக்கூட வாய் வராத நான், மாதக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அந்த எண்களை வாசித்தேன். நம் சேர்மன், அந்தப் பல் டாக்டர், "என்னப்பா இது?" என்று கேட்டபோது நீ சிரித்தாய். "பொம்மை விமானத்துல ரெண்டு டன் ஊத்தினா எந்த ஊரு சார் மூழ்கிடும்?" என்றாய். அதன் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை. ஏழு மாதம் ஆகிறது.

எல்லார் முன்னாலும் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். எண்ணுக்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

உன் தங்கை


செப்டம்பர் 13

சுண்டெலிக்கு,

படித்தேன். படிக்காத மாதிரியும் நடித்தேன். "தலைகீழா புடிச்சிருக்கீங்க, திருப்புங்க" என்று உன் அண்ணி சொல்லி என் மானத்தை வாங்கிவிட்டாள்.

உன் மன்னிப்பில் பாதியை ஏற்றுக்கொண்டேன். மீதிப் பாதியை நீயே வைத்துக்கொள்.

இங்கே பன்னிரண்டு கட்டில். ஒரு டாக்டரம்மா, இரண்டு நர்ஸ், ஒரு சமையல்காரர், நான். மூச்சு மெஷினோடு ஒரு பெரியவர் மூன்று மாதமாக முதல் கட்டிலில் இருக்கிறார். ஒருகாலத்தில் ரயில் கார்டாக இருந்தவராம். நான் அந்தப் பக்கம் போனாலே கையைப் பச்சைக் கொடி மாதிரி ஆட்டுவார். கரண்டு ஒற்றைக் கம்பியில் கீழேயிருந்து வருகிறது. அது போனால் என் ஜெனரேட்டர். கொட்டகைக்குப் பின்னால் டீசல் தொட்டி. இதுவரை கம்பி போகவில்லை, ஆகையால் நான் சம்பளத்தோடு சும்மா இருப்பவன்.

உன் அண்ணிக்கு ஏழாம் மாதம். நவம்பர் நடுவில் என்று டாக்டரம்மா சொல்கிறார். ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்தால் பிரசவத்துக்கு ஆட்டோ தேட வேண்டாம் பார்.

கணினியைக் கொண்டுவந்திருக்கிறேன். நெட் கிடையாது. வானிலை இல்லாமல் பறப்பது காற்றே இல்லாத ஊரில் பட்டம் விடுவது மாதிரி இருக்கிறது. ஆகவே ஒரு வேலை சொல்கிறேன், பிடிக்காவிட்டால் விடு. உன்னிடம் வரும் மேல்காற்று அளவுகளை எழுதி, தாள் ஒன்று போட்டு அனுப்பு. இங்கே வர ஒரு வாரமாகும். போன வாரக் காற்றில் இந்த வாரம் பறக்கிறேன்.

மெனு பக்கம் போக மாட்டேன். சத்தியமெல்லாம் செய்யமாட்டேன். இறங்கிய அளவை எழுதி அனுப்புகிறேன், நீயே பார்த்துக்கொள்.

அண்ணன்


செப்டம்பர் 21

அண்ணா,

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தேன். பக்கத்து மேஜை அக்கா, "என்ன, மாப்பிள்ளை லெட்டரா?" என்று கேட்டார். "எரிபொருள் தாள் கேட்டு வந்திருக்கு" என்றேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

தாளை இணைத்திருக்கிறேன். ஆறு மணி நேரப் பயணம், பாதி கடல்மேல். நூற்று ஐம்பத்து நான்கு பயணிகள். பயணத்துக்கு 14,400 கிலோ. எதிர்பாராததற்கு 720. மாற்று நிலையத்துக்கு 1,500. கடைசி இருப்பு 1,150. ஓடுபாதைவரை ஊர்ந்து போக 200. நீ இறங்கும்போது 3,370 இருக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தால் குறைந்ததாகவே எழுது. குறைந்த எண்ணைப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி வரும். சொல்வதற்கு விசித்திரமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான்.

மூன்று இரவு இதை எழுதினேன். நீ பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு மோட்டார் கடைக்குப் போனதால்தான் நம் வீட்டில் முதல் பட்டம் என் பெயரில் வந்தது. அந்தப் பட்டத்தை வைத்து உனக்கு நான் செய்துகொடுத்தது இந்தத் தாள்கள் மட்டும்தான். அதனால்தான் அவை பொய்யாகப் போனபோது அவ்வளவு கோபம் வந்தது. இதை நேரில் என்னால் சொல்லியிருக்கவே முடியாது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்னுகிறேன். ஒரு கை நீளமாக வருகிறது.

தங்கை


அக்டோபர் 4

சுண்டெலி,

3,290. எண்பது குறைவு. நிம்மதியா?

சும்மா இருந்த காலம் முடிந்தது. ஒன்றாம் தேதி பெய்த மழையில் கரண்டுக் கம்பி மூன்று கம்பத்தோடு சரிந்துவிட்டது. லைன்மேன் ஏறிவந்து பார்த்துவிட்டு, "மூணு வாரம் ஆகும்ணே. அதுவும் மழை விட்டா" என்றார். இப்போது இந்த ஆஸ்பத்திரி முழுக்க என் ஜெனரேட்டரில்தான் ஓடுகிறது. அது நின்றால் ஒரு பல்பு எரியாது. காலை பத்திலிருந்து மாலை நாலுவரை அதற்கு ஓய்வு. அந்த ஆறு மணி நேரம் பெரியவருக்கு சிலிண்டரில் மூச்சு போகும், மருந்துப் பெட்டி மூடியபடியே குளிர்ச்சியாக இருக்கும். மீதிப் பதினெட்டு மணி நேரமும் ஓட்டம். மணிக்கு ஐந்து லிட்டர், நாளுக்குத் தொண்ணூறு.

டாக்டரம்மா, "டீசல் எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்டார். உன் தாளைத்தான் எடுத்துப் போட்டேன். ஆச்சரியப்படாதே. பயணம் இருபத்தொரு நாள், 1,890 லிட்டர். எதிர்பாராதது ஐந்து சதம், 95. மாற்று நிலையம், அதாவது கம்பி வர இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போனால், 630. கடைசி இருப்பு இரண்டு நாள், 180. மொத்தம் 2,795. தொட்டியில் இருந்தது 2,800! அஞ்சு லிட்டர் உபரி. டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, "எங்க படிச்சீங்க இதெல்லாம்?" என்றார். "என் தங்கச்சி பட்டதாரி" என்றேன். பதிவேட்டை அவரே திறந்து, தினமும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

பாதையில் ஒரு வெடிப்பு விழுந்திருக்கிறது. லைன்மேன் அதன் ஓரத்தில் ஒரு கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறார். நேற்று கல் இருந்த இடத்துக்கும் இன்று இருக்கும் இடத்துக்கும் நாலு விரல் வித்தியாசம். ஜீப் இன்னும் எத்தனை புதன் வருமோ தெரியாது. அதனால் தாள்களைக் கட்டாக அனுப்பு. ஒன்பது போதும். ஒவ்வொன்றும் ஆறு மணி நேரத்துக்குள் இருக்கட்டும், பகலில் எனக்குக் கிடைப்பது அவ்வளவுதான்.

இந்த மழையில் இங்கே செய்ய வேறு ஒன்றும் இல்லை. உட்கார்ந்தால் அந்த வெள்ளைக் கல்தான் கண்ணுக்குள் வருகிறது.

அண்ணன்


அக்டோபர் 9

அண்ணா,

ஒன்பது தாள்கள் இதில் இருக்கின்றன. ஒன்பதிலும் "திட்டமிட்டவர்" என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஐந்தாவதில் எதிர்காற்று பலமாக இருக்கும், அதற்கு 400 கிலோ கூட்டியிருக்கிறேன். ஏழாவதில் மாற்று நிலையத்தில் மூடுபனி, ஆகையால் இரண்டு மாற்று. எல்லாம் ஐந்தே முக்கால் மணி நேரத்துக்குள் முடியும்.

என்னைப் பட்டதாரி என்று டாக்டரம்மாவிடம் சொன்னாய் என்று படித்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

உன் டீசல் தாளைப் பார்த்தேன். அழகாக இருக்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபப்படாதே. 2,800 என்பது எப்படித் தெரியும்? அளவுக் குழாய் இருக்கிறதா, குச்சி விட்டுப் பார்ப்பீர்களா? தினமும் பார்க்கிறாயா? விமானத்தில் மூன்று இடத்தில் அளவு காட்டும், ஒன்று பொய் சொன்னால் மற்ற இரண்டு காட்டிக்கொடுக்கும். உன் தொட்டிக்கு எத்தனை கண்?

அந்தக் கல்லைப் பற்றி இனி எழுதாதே. அல்லது தினமும் எழுது. இரண்டில் எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்வெட்டரின் நீளக் கையைப் பிரித்தேன். இப்போது அது குட்டையாக வருகிறது.

தங்கை


அக்டோபர் 19

சுண்டெலி,

ஜீப் நேற்று வரவில்லை, இனி வராது. கல்லைக் காணோம். கல் இருந்த இடத்தையும் காணோம். லைன்மேன் வேறு பக்கமாக நடந்து ஏறிவந்தார், அவர் கையில்தான் இதைக் கொடுக்கிறேன்.

முதலில் நல்ல சேதி. உன் ஒன்பதில் ஆறு முடிந்தது! எல்லாமே காலை பத்து ஐந்துக்குப் புறப்பாடு, நாலு மணிக்கு முன் இறக்கம். மிஞ்சியது வரிசையாக: 3,310, 3,140, 3,405, 3,260, 2,980, 3,330. எதிர்காற்று நாளில் ஒரு தடவை கை மெனு பக்கம் போனது. இழுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றும் நிஜம். சேர்மனிடம் சொல், பல்லைக் கடித்துக்கொள்ளட்டும்.

டீசல் பதிவேட்டைப் படியெடுத்து அனுப்புகிறேன், உன் சந்தேகம் தீரட்டும். முதல் தேதி முடிவில் 2,710, இரண்டு 2,620, மூன்று 2,530 என்று பதினெட்டாம் தேதி முடிவில் 1,180வரை. தாளில் போட்டபடி இம்மி பிசகவில்லை. குச்சி ஒன்று இருக்கிறது. ஆனால் தொட்டி மூடி துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது, கொட்டகைக்குப் பின்னால் முழங்கால்வரை சேறு. கணக்கு இருக்கும்போது குச்சி எதற்கு? டாக்டரம்மா இப்போது பதிவேட்டைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நான் நீட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுகிறார். அவ்வளவு நம்பிக்கை.

குளிர் ஏறிவிட்டது. வார்டில் ஒரு ஹீட்டர் போட்டிருக்கிறோம். உன் அண்ணி நன்றாக இருக்கிறாள், கால் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. இந்த ஜெனரேட்டர் சத்தம் அவளுக்குத் தாலாட்டு மாதிரி ஆகிவிட்டது. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுகிறாள்.

இன்னும் மூன்று தாள் இருக்கிறது. சிக்கனமாகப் பறக்கிறேன்.

அண்ணன்


அக்டோபர் 23

அண்ணா,

இதைத் தபால் ஆபீஸ் மேஜையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். உட்கார்ந்து வேறு எதையும் படிக்காதே, இதை முதலில் படி.

உன் பதிவேட்டில் பதினெட்டு எண்கள் இருக்கின்றன. ஒவ்வொரு நாளும் தொண்ணூறு குறைகிறது. ஹீட்டர் போட்ட நாளும் தொண்ணூறு, போடாத நாளும் தொண்ணூறு. அவை தொட்டியின் எண்கள் இல்லை, உன் தாளின் எண்கள். நீ அளந்து எழுதவில்லை. என்ன இருக்க வேண்டுமோ அதை எழுதியிருக்கிறாய். இதே போன்ற நாற்பத்தொரு எண்களை நான் முன்பும் பார்த்திருக்கிறேன்.

அதைவிடப் பெரியது ஒன்று. நேற்று ராத்திரிதான் அதைப் பார்த்தேன்.

பத்திலிருந்து நாலுவரை ஜெனரேட்டருக்கு ஓய்வு என்று நீ எழுதினாய். அது நின்றால் ஒரு பல்பு எரியாது என்றும் எழுதினாய். நீ பறந்தது பத்து ஐந்திலிருந்து நாலு மணிக்கு முன்வரை. உன் கணினி எதில் ஓடியது அண்ணா? அண்ணி மத்தியானம் எந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தூங்குகிறார்?

ஒரு பறப்புக்கு ஆறு மணி நேரம், முப்பது லிட்டர். ஆறு பறப்புக்கு நூற்றெண்பது. அந்த எண் உன் தாளில் இருக்கிறது. நான்காவது வரி, கடைசி இருப்பு. அதை நீ என் தாள்கள் வந்த நாளிலிருந்தே எரித்துக்கொண்டிருக்கிறாய். உனக்கே தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பகலில் கிடைப்பது ஆறு மணி நேரம் என்று நீ எழுதியபோதே நான் யோசித்திருக்க வேண்டும். நீ என்னிடம் மறுபடி தாள் கேட்டுவிட்டாய் என்ற சந்தோஷத்தில் யோசிக்கவில்லை. அந்த ஆறு பறப்புக்கும் திட்டமிட்டவர் நான். பொம்மை விமானத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் இடம் வைத்தேன். அதை ஓட்டுகிற டீசலுக்கு ஒரு வரி வைக்கவில்லை.

மீதி மூன்றைப் பறக்காதே. தாள்களைக் கிழித்துப் போடு. மூடியை உடைத்தாவது திற. குச்சியில் சுண்ணாம்பு தடவி விடு, நனைந்த கோடு தெரியும். உறிஞ்சும் குழாய் தொட்டியின் அடியிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார். அதற்குக் கீழே இருப்பது டீசல் இல்லை என்றே வைத்துக்கொள். பிறகு டாக்டரம்மாவிடம் சொல். முதலில் அவரிடம் சொல், பதிவேட்டைத் திருத்துவது அப்புறம்.

மாவட்ட ஆபீசுக்கு மூன்று முறை போன் போட்டேன். "எங்களுக்கு வந்த பதிவேட்டு நகல்ல இருப்பு இருக்கும்மா. டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்காங்களே" என்கிறார்கள். அடிவார ஊர் மின்சார ஆபீசுக்கு லைன்மேன் பெயருக்கு இதை அவசரத் தபாலில் போடுகிறேன். அவர் எப்போது ஏறுவாரோ, அப்போது.

தங்கை


அக்டோபர் 26, மாலை

தங்கச்சி,

உன் கடிதம் மத்தியானம் ஒரு மணிக்கு வந்தது. அப்போது எட்டைப் பறந்து முடித்துவிட்டு ஒன்பதாவதில் இருந்தேன். கடலுக்கு நடுவில், முப்பத்தாறாயிரம் அடியில். லைன்மேன் சேற்றோடு வாசலில் நின்று, "உங்க தங்கச்சி ரொம்ப அவசரம்னு உறையிலேயே எழுதியிருக்குண்ணே" என்றார். நின்றபடியே படித்தேன். நீ கேட்ட சத்தம் எனக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து நாளாக அதை நான் கேட்கவே இல்லை.

விமானத்தை அப்படியே அணைத்தேன். திரை கறுப்பானது. பிறகு ஜெனரேட்டரை நிறுத்தினேன். வார்டிலிருந்து பெரியவர் இருமுவது கொட்டகைவரை கேட்டது.

மூடியைக் கடப்பாரையால் திறந்தோம். பதிவேட்டுக் கணக்குப்படி இந்நேரம் 500 இருக்க வேண்டும். குச்சியில் 150. நான் கிணற்றைப் பார்ப்பதுபோல் அந்தத் தொட்டிக்குள் பார்த்தபடி நின்றேன். லைன்மேன் குச்சியைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டார். 150தான். என் பறப்புகள் தின்றது 255. மீதி தொண்ணூற்றைந்து அந்த ஹீட்டர். உறிஞ்சு குழாய்க்குக் கீழே அறுபது லிட்டர் நிற்கிறது, அதை எடுக்க முடியாது. ஆகக் கையில் இருப்பது 90. ஒரு நாள்.

நீ சொன்னபடி முதலில் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் திட்டவில்லை. பதிவேட்டை வாங்கித் தன் கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நானும்தான்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

இன்னும் ஒன்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று இவ்வளவு நேரம் வேறு எதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் அண்ணிக்கு நேற்றுக் காலையே வலி வந்துவிட்டது. பெண் குழந்தை. மூன்று வாரம் முன்னாலேயே வந்துவிட்டாள், ஒன்றே முக்கால் கிலோ. சூட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெட்டி கரண்டில் ஓடுகிறது. குழந்தை பிறந்த மறுநாள் நான் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பதை நீ யாரிடமும் சொல்லாதே. பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்கு வேறு எங்கே போய் உட்காருவதென்று தெரியாது.

முப்பதாம் தேதி மத்தியானம் பாதை திறந்துவிடும் என்று லைன்மேன் சொல்கிறார். நான்கு நாள். புதுத் தாள் போட்டிருக்கிறேன், கீழே இருக்கிறது. தினம் நாலரை மணி நேரம். மாலை ஆறிலிருந்து எட்டேகால், விடியல் நாலிலிருந்து ஆறேகால். பெட்டியும் மூச்சு மெஷினும் மட்டும். மற்ற நேரம் பெரியவருக்கு இருக்கிற சிலிண்டர்கள். குழந்தை அண்ணியின் நெஞ்சோடு ஒட்டி, மேலே இரண்டு கம்பளி. அதுவே பெட்டிக்குச் சமம் என்று டாக்டரம்மா சொல்கிறார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பயணம்: நான்கு நாள், 90 லிட்டர்.
எதிர்பாராதது: இல்லை.
மாற்று நிலையம்: இல்லை.
கடைசி இருப்பு: இல்லை.

குச்சியால் அளந்து எழுதியது. என் வாழ்க்கையில் முதல் தடவை. பிழை இருந்தால் சொல்.

அண்ணன்


நவம்பர் 1

அண்ணா,

நான் அடிவாரத்தில் இருக்கிறேன். மின்சார ஆபீஸ் திண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் கடிதம் 29ஆம் தேதி காலையில் வந்தது. அன்றைக்கே ஆபீசில் லீவு கேட்டேன். பக்கத்து மேஜை அக்கா, "எதுக்கு?" என்றார். "என் அண்ணனுக்குப் பொண்ணு பொறந்திருக்கு" என்றேன்.

உன் தாளை பஸ்சிலேயே மூன்று முறை சரிபார்த்தேன். பிழை இல்லை. திட்டமிட்டவர் என்ற இடம் காலியாக இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கடைசி மூன்று வரியும் "இல்லை" என்று இருக்கிற தாளில் நான் கையெழுத்துப் போடுவது இதுதான் முதல் தடவை.

இங்கிருந்து உங்கள் வெளிச்சம் தெரியும் என்று உனக்குத் தெரியுமா? மலை விளிம்பில் அரிசி அளவுக்கு ஒரு புள்ளி. 29ஆம் தேதி மாலை நான் பஸ்சைவிட்டு இறங்கும்போது அது இருந்தது. எட்டேகாலுக்குச் சரியாக அணைந்தது. லைன்மேன், "உங்க அண்ணன் வாட்சைப் பாத்து ஓட்டுறாரும்மா" என்றார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பாதை முப்பதாம் தேதி திறக்கவில்லை. அன்று காலையில் இரண்டாவது முறை சரிந்தது. இன்னும் மூன்று நாளாம். ஹெலிகாப்டருக்கு எழுதியிருக்கிறார்களாம், மேகம் விலகினால் வருமாம்.

முப்பதாம் தேதி மாலைக்கு உன் தாளில் டீசல் இல்லை. ஆனாலும் சரியாக ஆறு மணிக்குப் புள்ளி வந்தது. நாற்பது நிமிடம் இருந்தது. அந்த நாற்பது நிமிடத்தை எதிலிருந்து மிச்சம் பிடித்தாய்? குழாய்க்குக் கீழே இருந்ததை வாளியில் மொண்டாயா? கேட்க ஆயிரம் இருக்கிறது. நேற்று முழுக்க மேகம். மேகத்துக்குப் பின்னால் இருந்ததா இல்லையா என்று இங்கே யாருக்கும் தெரியாது.

நாளை விடியலில் லைன்மேனும் நான்கு பேரும் நடந்து ஏறுகிறார்கள். ஆளுக்குப் பத்து லிட்டர் கேன். ஆறாவது கேன் என்னிடம். "உங்களால முடியாதும்மா, பத்து மணி நேரம் நடக்கணும்" என்றார். "பத்து லிட்டர்னா ரெண்டு மணி நேரம் பெட்டி ஓடும்" என்றேன். எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொன்னேன். அவர் ஒரு கேனை என் பக்கம் நகர்த்தி வைத்தார். இந்தக் கடிதத்தை முன்னால் நடப்பவரிடம் கொடுத்துவிடுவேன், நான் மெதுவாகத்தான் வருவேன். ஸ்வெட்டர் என் பையில் இருக்கிறது. ஒன்றே முக்கால் கிலோவுக்கு அது மிகப் பெரியது. சுற்றிவைக்கலாம்.

நான் வரும்போது வாசலில் நிற்காதே. ஒன்றும் விளக்காதே. தொட்டியின் பக்கத்தில் குச்சியோடு நில், ஊற்றியதும் அளக்க வேண்டும்.

இப்போது ஐந்து ஐம்பத்தைந்து. எல்லாரும் திண்டுக்கு வந்துவிட்டார்கள். டீக்கடைக்காரர்கூட அடுப்பை விட்டுவிட்டு வந்து நிற்கிறார். இன்னும் மேகம்தான்.

ஆறு.

ஆறு பத்து. இடது பக்கம் மேகம் கொஞ்சம் கிழிகிறது. லைன்மேன் கையை நீட்டிக் காட்டுகிறார். மலை விளிம்பு நன்றாகத் தெரிகிறது அண்ணா. கொட்டகையின் கூரைகூடக் கறுப்பாகத் தெரிகிறது.

மலை மட்டும்தான் தெரிகிறது.

விடியும்வரை இருக்க வேண்டாம் என்று லைன்மேன் டார்ச்சை எடுத்துவிட்டார். நாங்கள் கேன்களைத் தூக்குகிறோம்.